முகவரியும் முத்திரையும்: இணையச் செயலியை இயந்திர முறையால் நிறுவுதல்

சென்னையினின்று பழைய மாமல்லபுரம் சாலைவழியே தெற்கு நோக்கிச் செல்வார், கேளம்பாக்கத்தை அணுகுமுன் சிறுசேரித் தொழிற்பூங்காவைக் காண்பர். கணினித் தொழிற்சாலைகளோடு தரவு மையங்களும் அங்கு எழுந்துள்ளன. ‘மேகக் கணிமை’ என இந்நாளில் வழங்கும் வசதி வானில் மிதப்பதொன்றன்று. இத்தகைய கட்டிடங்களுள் அடுக்கடுக்காய் நிறுத்தப்பெற்ற கணினிகளே அது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டிற் சென்னையிலும், அமேசான் நிறுவனம் 2016-இல் மும்பையிலும் இவ்வசதியைத் தொடங்கின. ஆதலின் நம் மாணவர் ஒருவர் எழுதிய செயலியையும் இன்று சிறு பொருட்செலவில் உலகத்தார் முன் வைத்தல் எளிது. எளிதாயினும், அதனை ஒழுங்குற வைத்துக் காத்தல் வேறொரு கலை. அதனைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரி நூலகப் பட்டியலையோ, தேர்வு முடிவுகளையோ காட்டும் செயலி ஒன்றைக் கொள்வோம். அது மாணவரின் கணினியில் நன்கு இயங்குகின்றது. அதனை வழங்கிக் கணினியில் ஏற்றுங்கால், கோப்புக்களைக் கையாற் பிரதிசெய்து, கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாய்த் தட்டச்சிடுதல் பழைய வழக்கம். ஒரு கட்டளை மறந்தாலும் செயலி நின்றுவிடும். இன்று செய்தவாறே நாளையும் செய்தோமா என்பதற்கும் சான்றில்லை. இக்குறையை நீக்கவே இயந்திர முறை வந்தது.

அம்முறையில், செய்யவேண்டிய யாவும் ஓர் எழுத்துக்கோப்பில் முன்னரே வரையப்பெறும். நிரலின் புதிய வடிவம் களஞ்சியத்திற் சேர்ந்தவுடன் சோதனைகள் தாமே நடைபெறும். அவற்றில் தேறினால் நிரல் ஒரு பொதியாகக் கட்டப்பெற்று, பழைய வடிவத்தின் அருகே தனியாக இயக்கப்பெறும். அது நலமாய் விடை தருகின்றதா எனப் பார்த்த பின்னரே வருவோர் அதன்பால் திருப்பப்படுவர். பிழை காணின் பழையதே தொடரும். ஒரே கோப்பை இருமுறை இயக்கினும் விளைவு ஒன்றே ஆதல் வேண்டும். இம்முறையின் உயிர்நிலை அதுவே.

இனி முகவரியைப் பற்றிக் கூறுவோம். மேக நிறுவனம் தரும் பெயர் எழுத்தும் எண்ணும் விரவிய நீண்ட பெயர். எவரும் நினைவிற் கொள்ளார். நமக்கெனப் பதிவுசெய்த களப்பெயரே தக்கது. பெயர்களைக் கணினியெண்களாக மாற்றித் தரும் பெயரேடு 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் வகுத்தது. அவ்வேட்டில் நம் பெயர்க்கு நேரே மேக நிறுவனத்தின் பெயரை மாற்றுப்பெயராக எழுதிவிட்டால், நம்மைத் தேடி வருவோர் அங்குச் சென்று சேர்வர். இப்பதிவுகளை உலகெங்கும் உள்ள கணினிகள் குறித்த கால அளவு நினைவில் வைத்திருக்கும். அவ்வளவு 3600 விநாடியாயின், நாம் செய்யும் மாற்றம் சிலர்க்கு ஒரு மணிநேரம் தெரியாது. ஆகவே மாற்றத்திற்கு முன்னரே அதனை 300 விநாடியாகக் குறைத்தல் அறிந்தோர் வழக்கம். தமிழ் எழுத்தாலும் பெயர் பதியலாம்; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் ஈறுகள் உள்ளன. ஆயின் பெயரேட்டின் உள்ளே அவை உரோம எழுத்துக் குறிகளாகவே எழுதப்பெறும்; முத்திரை கோருங்காலும் அவ்வடிவமே வேண்டும்.

முத்திரை என்றது பாதுகாப்புச் சான்றிதழை. பல்லவ வேந்தர் தம் செப்பேடுகளை வளையத்திற் கோத்து, வளையத்தின் முனைகளை இடப முத்திரையால் இணைத்தனர். இடையில் ஓர் ஏட்டைச் செருகவும் உருவவும் இயலாது. அளித்தவர் யாரென்பதும் விளங்கும். இணையச் சான்றிதழின் பணியும் இத்தகையதே. வழங்கியிடம் இரு திறவுகோல்கள் உள. ஒன்று மறைவானது, மற்றொன்று வெளிப்படையானது. வெளிப்படைத் திறவுகோல் இன்ன பெயர்க்கு உரியது என நம்பத்தகுந்த சான்றாளர் ஒருவர் ஒப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். அஃது இருந்தால்தான் வருவோர் தரும் கடவுச்சொல்லும் பணவிவரமும் இடைவழியிற் பிறர் படியாதவாறு மறையீடு பெறும். இல்லையேல் உலாவி எச்சரிக்கை காட்டும். மாமல்லபுரத்துக் கற்சிற்பி ஒருவர் தம் படைப்பை வெளிநாட்டார்க்கு இணையவழி விற்பாராயின், அவ்வெச்சரிக்கை ஒன்றே வாங்குவோரைத் திருப்பியனுப்பப் போதும்.

முன்னாளில் இச்சான்றிதழைப் பொருள் கொடுத்துப் பெற்று, ஆண்டுதோறும் கையாற் புதுப்பித்தனர். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு 2015-இல் அதனை இலவசமாகவும் இயந்திரவழியாகவும் வழங்கத் தொடங்கியது. அதற்குரிய நெறிமுறை 2019-இற் பொதுத்தரமாயிற்று. அதன் இயல்பு இதுவாகும். நம் கணினி ஒரு பெயர்க்குச் சான்றிதழ் கேட்கின்றது. சான்றாளர் ஒரு குறிச்சொல்லைத் தந்து, ‘இதனை அப்பெயருடைய தளத்தில் இன்ன இடத்தில் வை’ என்றோ, ‘பெயரேட்டில் எழுது’ என்றோ கூறுவர். வைத்ததைத் தாமே வந்து கண்டபின் ஒப்பமிடுவர். முதல் வழிக்குப் பெயர் முன்னரே நம் வழங்கியைச் சுட்டிநிற்றல் வேண்டும். ஆகவே முதலிற் பெயர், பின்னர்ச் சோதனை, அதன்பின் சான்றிதழ், இறுதியிற் பொதுமக்களுக்குத் திறப்பு என்னும் வரிசை பிறழலாகாது.

சான்றிதழ்களின் ஆயுள் நாளுக்கு நாள் குறுகி வருகின்றது. 2020-இல் 398 நாளாக இருந்த உச்ச வரம்பு, 2026 மார்ச்சு 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சு 15 முதல் 100 நாள், 2029 மார்ச்சு 15 முதல் 47 நாள் எனக் குறைதல் வேண்டுமென, சான்றாளரும் உலாவி நிறுவனத்தாரும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் தீர்மானித்தது. காரணம் யாதெனின், திருட்டுப் போன திறவுகோலும் தவறாய் அளித்த சான்றும் நெடுநாள் செல்லுபடியாகலாகாது என்பதே. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்தரமேரூரில், குடவோலையால் தேர்ந்த வாரியத்தார் 360 நாளே பதவி வகிக்கலாம் எனப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு விதித்ததும் இவ்வகை முன்னெச்சரிக்கையே.

இவை வெற்றச்சம் அல்ல. 2014 ஜூலையில், நம் நாட்டுத் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுளின் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டுபிடிக்கப்பெற்றது. அப்பிரிவின் சான்றுகள் உடனே செல்லாதனவாக்கப்பட்டன. 2018 டிசம்பர் 6-ஆம் நாள் எரிக்ஸன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானமையால், இங்கிலாந்திலும் ஜப்பானிலும் கோடிக்கணக்கானோரின் கைபேசிச் சேவை தடைப்பட்டது. முன்னதற்குப் பரிகாரமாக, இன்ன சான்றாளர் மட்டுமே எமக்கு ஒப்பமிடலாம் எனப் பெயரேட்டில் எழுதிவைக்கலாம். பின்னதற்குப் பரிகாரம், ஆயுளில் மூன்றில் இரு பங்கு கழிந்தவுடன் தானே புதுப்பிக்கச் செய்தல். புதுப்பித்ததனை வழங்கி மீண்டும் படித்துக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும். அன்றேல் புதுச்சான்று பெட்டியில் இருக்கப் பழையதே வாயிலில் நிற்கும். வெளியிலிருந்து நாள்தோறும் சோதிக்கும் காவலும் இன்றியமையாதது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சான்றிதழ் பெயரை உறுதி செய்யுமேயன்றிக் குணத்தை உறுதி செய்யாது. வஞ்சகரும் தாம் பதிந்த பெயர்க்குச் சான்று பெறலாம். ஆதலின் பூட்டுக்குறியைக் கண்டவுடன் நம்பிவிடாது, பெயரை எழுத்தெழுத்தாய் நோக்குக.

இறுதியாக, நம்மனைய நிலையங்களுக்கு நேரும் பெருங்கேடு இயந்திரத்தால் வருவதன்று. ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலால் களப்பெயரைப் பதிந்து, தம் பணத்தாற் கணக்குத் திறந்து, யாவும் செவ்வனே அமைப்பார். பட்டம் பெற்றுச் சென்றபின் நினைவூட்டற் கடிதம் அவர்க்கே செல்லும்; பெயர் காலங்கடந்து பிறர் கைப்படும். அன்று, கல்லூரியின் பெயரை நம்பி வருவோரை அயலார் வரவேற்பர். இயந்திரம் சான்றிதழைப் புதுப்பிக்கும். பொறுப்பைப் புதுப்பிக்க மாட்டாது. ஆகவே பெயரும் கணக்கும் நிலையத்தின் உடைமையாகப் பதியப்பெறல் வேண்டும். அவற்றின் திறவுகோல் ஆசிரியர் இருவரிடமேனும் இருத்தல் வேண்டும். நிறுவும் முறை எழுத்தில் இருத்தல் வேண்டும். செல்லும் மாணவர் தம் பின்வருவார்க்கு அவ்வேட்டைக் கையளித்து, ஒருமுறை அவரையே இயக்கச் செய்து பார்த்துச் செல்வாராக. அங்ஙனம் செய்யின், அவர் பெயர் மறக்கப்பெறினும் அவர் பணி நிலைபெறும்.