மூளைக்குள் ஒரு சீ-சா! - மனச்சோர்வை விரட்டும் காந்தத் துடிப்பு

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் பலருக்குக் குணமாகிவிடும். ஆனால், மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் தேறாதவர்கள் இருக்கிறார்கள். 'மனசைத் தைரியமா வெச்சுக்கோ' என்ற அறிவுரை அவர்களுக்கு உதவாது. அவர்களுக்கான ஒரு வழிதான் டி.எம்.எஸ் என்ற காந்தத் தூண்டல் சிகிச்சை.

கடைகளில் விற்கும் காந்த வளையல், காந்தப் படுக்கை சமாசாரம் அல்ல இது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கிய கருவி. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது எழும் காந்தத் துடிப்பு, மண்டையோட்டைத் தாண்டி மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். மயக்க மருந்து வேண்டாம். இது 'ஷாக் ட்ரீட்மென்ட்'டும் அல்ல. மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த 2008-ல் அமெரிக்கா அனுமதித்தது.

ஆழத்தில் இருக்கும் சிக்கல்

காந்தத் துடிப்பு சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான் செல்லும். மனச்சோர்வோடு தொடர்புள்ள முக்கியப் பகுதி ஒன்றோ, மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. பிறகு எப்படி வேலை செய்கிறது?

விடை தந்தது எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன். மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதை வைத்து, எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்று இது காட்டும். சில பகுதிகள் சீ-சா பலகை போல; ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். முன்நெற்றிக்குப் பின்னால், இடப்பக்கத்தில் எந்தப் புள்ளி அந்த ஆழமான பகுதியோடு இப்படி எதிர்த் தாளத்தில் இயங்குகிறதோ, அங்கே தூண்டினால் பலன் அதிகம் என்று 2012-ல் மைக்கேல் ஃபாக்ஸ் குழுவினர் சுட்டிக்காட்டினர்.

அந்தப் புள்ளி ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர், ஒவ்வொருவரின் ஸ்கேனையும் பார்த்து இடத்தைக் குறித்தனர். வழக்கமாக ஆறு வாரம் தரும் சிகிச்சையை, தினம் 10 முறை வீதம் ஐந்தே நாளில் முடித்தனர். 2021-ல் வெளியான ஆய்வில், நிஜ சிகிச்சை பெற்ற 14 பேரில் 11 பேருக்கு நான்கு வாரத்துக்குள் நோய் அறிகுறிகள் ஏறக்குறைய மறைந்தன. போலி சிகிச்சை பெற்ற 15 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது.

யாருக்குக் கூடாது?

சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. குணமானவர்களுக்கு மீண்டும் வரவும் வாய்ப்புண்டு. தலைவலி வரலாம், அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகப் பொருள், காக்ளியர் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஆகாது. வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனநல மருத்துவரைக் கேட்காமல், சாப்பிடும் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மனச்சோர்வு சோம்பேறித்தனமும் அல்ல, நடிப்பும் அல்ல. வீட்டில் யாராவது அப்படித் தவித்தால், திட்டுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்!