பரணில் கிடக்கும் முகங்கள்

வளைகாப்பு முடிந்த கையோடு ஸ்டூடியோவுக்குப் போய், பூ ஜடை தெரியப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுத்த படம் நம் பாட்டிகள் பலரின் ஆல்பத்தில் இருக்கும். முகமும் முதுகும் ஒரே படத்தில்! கண்காட்சி அமைக்கப் புதிதாக வரும் இளம் க்யூரேட்டர்களின் பார்வை இப்போது இந்தப் படங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. தமிழர் யார் என்று காட்டக் கோயில் சிற்பமும் தஞ்சாவூர் ஓவியமும் மட்டும் போதாது என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

கொச்சியில் 2012-லும் சென்னையில் 2016-லும் பினாலே என்னும் கலைக் கண்காட்சிகள் தொடங்கியபின் இவர்களுக்கு மேடையும் கிடைத்திருக்கிறது. சாமர்த்தியம் எதை எதன் பக்கத்தில் மாட்டுவது என்பதில்தான். மாளிகைப் படிக்கட்டு வரைந்த ஒரே திரைக்கு முன்னால் மிராசுதாரும் நிற்பார், கடன் வாங்கிய கோட்டில் குமாஸ்தாவும் நிற்பார். இரண்டையும் சேர்த்து மாட்டினால் விளக்கமே தேவையில்லை. கணவன் இறந்தபின் அவர் படத்தை வெட்டி மனைவியின் பக்கத்தில் ஒட்டி, ஜோடியாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்களும் உண்டு. நெகட்டிவின் மேல் பென்சிலால் தீற்றினால் பிரிண்டில் முகம் வெளுக்கும். அந்த நெகட்டிவையும் பிரிண்டையும் அருகருகே வைத்தால், நிறத்தின்மேல் நமக்குள்ள ஆசை அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

ஆனால் வைப்பதற்கு நெகட்டிவ் வேண்டுமே! கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது. டிஜிட்டல் வந்து டார்க் ரூமைப் பூட்டியதும், பரணில் இருந்த பெட்டிகளை எடைக்கு வாங்கிப்போய் வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவினால் சாமி படத்துக்குச் சட்டம் போடலாம். தப்பிய அசிடேட் ஃபிலிம் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சுருண்டு, வினிகர் நெடியடித்து வீணாகிறது. ஒரு சுருள் கெட்டால் அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

வீட்டு ஆல்பங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆல்பத்துக்கு வந்தது வாடிக்கையாளருக்குப் பிடித்த ஒரு படம். கண் மூடியது, குழந்தை அழுதது, தீற்றாத அசல் முகம் எல்லாம் நெகட்டிவ் பெட்டியிலேயே தங்கிவிட்டன. பெயரும் தேதியும் எழுதிய ரசீதுப் புத்தகமும் அங்கேதான். அது கரையானுக்குப் போனால் சுவரில் மாட்டும் சீட்டில் 'பெயர் தெரியாத பெண்' என்றுதான் எழுத முடியும்.

இந்த நிலையிலும் கண்காட்சிப் பணம் சட்டத்துக்கும் விளக்குக்கும் போகிறது. ஒரு ஸ்கேனரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கிக்கொண்டு, முதலில் அந்தப் பரணில் ஏறட்டும் இந்தப் பிள்ளைகள். திறப்பு விழாவை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.