உருளை எத்தனை மணி நேரம் வரும்?

யாங்கூன் நகரின் லத்தா வட்டாரத்தில் இருக்கிறது, மியான்மரின் பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஒன்றான யாங்கூன் பொது மருத்துவமனை. 2021 ஜூலையில் டெல்டா வகைக் கொரோனா அந்நகரைத் தாக்கியபோது பெரிய மருத்துவமனைகள் நிரம்பிவிட்டன. வீட்டிலேயே மூச்சுத் திணறியவர்களுக்காக, உறவினர்கள் காலி உருளைகளோடு ஆக்சிஜன் ஆலை வாசல்களில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அந்த வரிசை ஏன் குறையவே இல்லை? 40 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 6,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தேவைப்படுபவருக்கு அது 20 மணி நேரம் வரும். 10 லிட்டர் தேவைப்பட்டால் 10 மணி நேரம்தான். காலையில் நிரப்பி வந்தவர் அன்றிரவே மறுபடி ஓட வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி இருந்தால் உருளை வேண்டாம். ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும்.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் டெல்லி மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் தவித்ததை உலகமே பார்த்தது. அவகாசம் இருந்தும் மியான்மரால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதை எதிர்த்து, மருத்துவர்களும் செவிலியர்களும் ஏராளமாகப் பணியைப் புறக்கணித்தார்கள். பலர் கைதானார்கள். பரிசோதனையும் தடுப்பூசிப் பணியும் சரிந்தன.

பெருந்தொற்றுக்கான முன்னேற்பாட்டில் மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, சீக்கிரம் கண்டுபிடிப்பது. 7-1-7 என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள்: 7 நாளில் நோயைக் கண்டறிந்து, 1 நாளில் அறிவித்து, அடுத்த 7 நாளில் தொடக்கக்கட்டத் தடுப்பு வேலைகளை முடித்துவிட வேண்டும். இரண்டாவது, மறைக்காமல் சொல்வது. எல்லை தாண்டிப் பரவக்கூடிய ஆபத்தாக இருக்கலாம் என்று மதிப்பிட்டால், 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2007 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு சுகாதார விதிமுறைகள். மூன்றாவது, ஆக்சிஜன், மருந்து, மின்சாரம், இவற்றைக் கையாளத் தெரிந்த ஆட்கள் ஆகிய நான்கையும் தயாராக வைத்திருப்பது.

இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாத ஊரில் உருளை மட்டும் உயிரைக் காப்பாற்றாது. அதனால் நோய் இல்லாத நாளிலேயே நம் ஊர் அரசு மருத்துவமனையைப் பற்றிக் கேட்க வேண்டும்: ஆக்சிஜன் ஆலை ஓடுகிறதா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? காலிப் பணியிடங்கள் எத்தனை?