ஸ்பிரிங்குக்கு முகஸ்துதி தெரியாது!

உடம்பைக் குறைக்கலாம் என்று மலைப்பாதை சைக்கிள் வாங்குகிறார்கள். சைக்கிளோ, ‘முதல்ல உடம்பைக் குறைச்சுட்டு வாய்யா’ என்கிறது!

விஷயம் முன் ஃபோர்க்கில். விலை குறைந்த வண்டிகளில் அதற்குள் இருப்பது ஓர் இரும்புச் சுருள். நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்துச் செய்தது. 100 கிலோ ஆசாமி ஏறினால் பாதி அங்கேயே அமுங்கிப்போகும். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் மீதியும் காலி. அப்புறம் ஆள் ஹாண்டில்பாருக்கு அந்தப் பக்கம்!

சோதனை சுலபம். ஃபோர்க் குழாயில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். 100 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க் 20, 25 மி.மீ. அமுங்கினால் சரி. 40 என்றால் ஸ்பிரிங் போதாது.

மேலே உள்ள குமிழைத் திருகிப் பயனில்லை. சுருளை முன்கூட்டி அழுத்தி வைக்குமே தவிர, அதை முறுக்கேற்றாது. கெட்டியான சுருள் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், செலவு மிச்சம். இல்லையென்றால் காற்று ஃபோர்க். எடைக்கேற்பக் காற்றை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கென்று உள்ள பம்பால்தான், டயர் பம்பால் அல்ல.

ஸ்பிரிங் கெட்டியானால் திருப்பி உதைக்கும் வேகமும் கூடும். ‘ரீபவுண்ட்’ குமிழைக் கொஞ்சம் மந்தமாக்காவிட்டால் குதிரைச் சவாரிதான்.

கடைக்காரரிடம் கல்யாண ஆல்பத்து எடையைச் சொல்லாதீர்கள். முதுகுப் பை, தண்ணீர் பாட்டில் சகிதம் தராசு காட்டுவதைச் சொல்லுங்கள். பள்ளத்தில் விழப்போவது அந்த எடைதான்!