செய்தி வந்தது, காணொளி ஏன் வரவில்லை?

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கையில் பேஸ்புக்கும் யூடியூபும் முடக்கப்பட்டன. அப்போது அங்கே வண்ணாத்திவில்லு என்ற ஊரில் செய்தித்தளம் திறந்தவருக்கு எழுத்து வந்திருக்கும்; நடுவே காணொளிக் கட்டம் மட்டும் வெறுமையாக.

பந்தி ஒன்று, அடுப்பு இரண்டு. எழுத்து தளத்தின் சேவையகத்திலிருந்து வருகிறது. காணொளியை உலாவி யூடியூபிடம் தனியாகக் கேட்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கட்டம் தோற்றதைப் பக்கம் உறுதியாக அறியாது. பிழைப்பக்கம் வந்தாலும் ‘ஏற்றியாயிற்று’ என்றே உலாவி சொல்லும். வேண்டுமென்றேதான்; இல்லாவிட்டால், உங்கள் வீட்டு வலையமைப்பில் என்னென்ன இயங்குகின்றன என்று எந்தத் தளமும் வேவு பார்க்கலாம். ஆகவே சில தளங்களில் நேரக்கெடு வைப்பார்கள்: சில வினாடிகளில் காணொளியிடமிருந்து பதில் சமிக்ஞை வராவிட்டால், அங்கே ஒரு படமும் இணைப்பும் தோன்றும்.

தளம் நடத்துவோரே, காணொளியின் சாரத்தை இரண்டு வரியாவது எழுதிவிடுங்கள்.