இல்லத்தில் வெங்காயப் பக்கோடா

சங்கங்களின் பேரேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பதே நமது தொழில். பக்கோடாவைப் பற்றி எழுதுவது அன்று. எனினும், சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் நாம் கண்டதொன்று இதனை எழுதத் தூண்டிற்று.

பங்கு ஈவு பற்றிய விவாதம் அன்று அமைதியாகவே முடிந்தது. சச்சரவு எழுந்தது இடைவேளையில் காப்பியோடு வழங்கப்பட்ட பக்கோடாவைக் குறித்துத்தான். "இது பக்கோடா அன்று, நனைந்த பஞ்சு" என்று ஓர் அங்கத்தினர் கூற, சபை முழுவதும் சிரித்தது. அதனைச் செய்து கொடுத்த அம்மையார் தூணருகே தலை குனிந்து நின்றதைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை. அவரும் ஒரு நெசவாளர் மனைவியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறி, கஞ்சியிட்ட பாவு உலராமல் தறி நின்றுவிடும் நாட்களில், மாலையில் அவர் விற்கும் பக்கோடாவே அவ்வீட்டிற்கு அடுப்பெரிக்கிறது. நாலு பொட்டலம் திரும்பி வந்தால் மறுநாள் எண்ணெய்க்குக் கடன் வாங்க வேண்டும்.

கூட்டம் கலைந்தபின் அவரிடம் செய்முறையைக் கேட்டோம். மாணவப் பருவத்தில் தாமே சமைத்து உண்டு பழகியவராதலால் இதில் நமக்குச் சிறிது பயிற்சி உண்டு. பிற்பகல் மூன்று மணிக்கே மாவு முழுவதையும் நீர் விட்டுப் பிசைந்து வைத்ததாகவும், ஐந்து மணிக்குப் பார்த்தபோது அது இளகியிருந்ததால் மேலும் மாவு சேர்த்ததாகவும் அவர் கூறினார். பொரித்ததைச் சூட்டோடு தூக்குப் பாத்திரத்தில் இட்டு மூடினாராம். பிழை முழுவதும் இம்மூன்றிலேயே அடங்கியிருந்தது.

வெங்காயத்தின் எடையில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் நீரே. உப்புப் பட்டவுடன் அந்நீர் வெளியேறத் தொடங்கி, நிறுத்தாமல் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே, மாவைப் பிணைப்பதற்கு வெங்காயத்தின் சொந்த நீரே ஏறக்குறையப் போதுமானது. நாம் விடும் நீர் மிகையாகும். அம்மிகை நீர் உள்ளே தங்கிப் பக்கோடாவை மெத்தென்றாக்கிவிடும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், திண்ணையிலிருந்த முதிய நெசவாளர் ஒருவர், "பாவுக்குக் கஞ்சி போடுவது போலத்தானே, ஐயா? நீர்த்த கஞ்சி நூலில் நிற்காது" என்றார். நமது விளக்கத்தைக் காட்டிலும் அது அம்மையாருக்கு எளிதில் விளங்கிற்று.

அரைக் கிலோ பெரிய வெங்காயத்திற்கு 200 கிராம் கடலைமாவும் 50 கிராம் அரிசிமாவும் தேவை. வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்து, ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, இதழ்கள் தனித்தனியே பிரியுமாறு கையால் பிசறிப் பத்து நிமிடம் வைத்தல் வேண்டும். பின்னர் நறுக்கிய பச்சை மிளகாய் நான்கு, சிறிது இஞ்சி, அரைத் தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிப் பிசற வேண்டும். பிடித்தால் பிடியாகவும் உதிர்த்தால் உதிரியாகவும் இருப்பதே பதம். உலர்ந்திருந்தால் விரல் நுனியால் நீர் தெளிக்கலாம், குவளையை எடுக்கலாகாது. ஆப்பச் சோடா இடுவோர் உளர். அது பக்கோடாவை மென்மையாக்கி எண்ணெயைக் குடிக்கச் செய்யும். அதற்கு மாறாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து மாவில் ஊற்றினால் மொறுமொறுப்புக் கூடும்.

எண்ணெயின் சூட்டை அறிய மாவில் ஒரு துளி இட்டுப் பார்க்கலாம். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது; உடனே கறுத்தால் மிகுதி; குமிழியிட்டுச் சீராக மேலெழுந்தால் சரி. பிசறியதை உருட்டாமல் உதிர்த்துப் போட்டு, மிதமான தீயில் பொரிக்க வேண்டும். வாணலியில் எழும் சலசலப்பு, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் ஒலியே. அவ்வொலி அடங்கும்போது அரித்தெடுத்துவிடலாம். ஆறும்வரை மூடலாகாது, மூடினால் ஆவி திரும்பவும் நீராகி அதன்மேலேயே இறங்கும். விற்பனைக்குச் செய்வோர் வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் பிசறிக்கொள்வது நலம்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டித் தாளிப்பதற்குச் சீக்கிரம் செலவிட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்ட எண்ணெயை உணவுத் தொழிலில் பயன்படுத்துவதற்கு 2018 ஜூலை 1 முதல் சட்டப்படி வரம்பும் உண்டு.

வெங்காயம் பயிரிடும் அங்கத்தினருக்கு ஒரு சொல். பட்டறையில் முளைவிட்டதும் இரட்டையாய்ப் பிளந்ததும் சந்தையில் விலை போவதில்லை. அழுகல் இல்லாவிடில் அவை பக்கோடாவிற்கு முற்றிலும் ஏற்றவை. சின்ன வெங்காயமாயின் சுவை ஒரு படி மேல்; ஆனால் உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். எளிதில் உரிக்க நீரில் ஊறவைத்திருந்தால், துணியில் துடைத்த பின்னரே அரிய வேண்டும். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் போல வெங்காய விலை ஏறிவிடும் காலத்தில் பாதிக்குப் பாதி முட்டைக்கோசு கலப்பதைத் தேநீர்க் கடைக்காரர்கள் அறிவர். அதனை வெங்காயப் பக்கோடா என்று சொல்லி விற்பதைத்தான் நாம் ஒப்புவதில்லை.

இவ்வாண்டுப் பேரவைக்கும் அதே அம்மையார்தான் பக்கோடா செய்தார். வாணலியைச் சங்கக் கட்டிடத்தின் பின்புறத்திலேயே வைத்துக்கொண்டு, இடைவேளை மணி அடித்த பிறகே மாவைப் பிசறினார். சிற்றுண்டிச் செலவுச் சீட்டு ஆட்சேபனையின்றி நிறைவேறிற்று. சென்ற ஆண்டு பஞ்சு என்று சொன்ன அங்கத்தினர் மட்டும் எழுந்து, பொட்டலம் சிறிதாக இருந்ததென்று குறை கூறினார்.