பாறையும் சக்கரமும் திரையும்

டிஜிட்டல் ஓவியம் என்பது காகிதமும் வண்ணக் குழம்பும் இல்லாமல், உணர்பலகையின் மீது பேனா போன்ற கருவியால் வரைந்து கணினித் திரையில் தீட்டும் ஓவியம். கற்க வருவோர் பெரும்பாலும் மென்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். வேலையின் கடினமான பாதி அதற்கு வெளியே இருக்கிறது. எதிரில் இருக்கும் பொருளை உற்றுப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்தபடி தாளில் இறக்குவதுதான் அது. இதற்குப் பார்த்து வரைதல் என்று பெயர். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்தப் பயிற்சி புதிதல்ல.

1792 ஏப்ரலில் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் சென்னையிலிருந்து கிளம்பினார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்திருந்த நேரம். வழியில் அவர்கள் வரைந்தவற்றில் இராயக்கோட்டையும் உண்டு, ஓசூரும் உண்டு. ஓசூர்ப் படத்தின் தலைப்பு அந்த ஊரை மைசூரைச் சேர்ந்ததாகவே குறிக்கிறது. எல்லைக்கோடு இடம் மாறியபடி இருந்த நாட்டின் சாட்சி அது.

அவர்கள் வேலை செய்த ஒழுங்கு இன்றைய மாணவருக்கும் பயன்படும். இடத்திலேயே பென்சிலால் உருவத்தையும் அளவையும் பிடித்துக்கொள்வார்கள். காட்சியை வில்லை வழியாகத் தாளின் மேல் விழச்செய்யும் கேமரா அப்ஸ்கியூரா என்ற பெட்டியையும் பயன்படுத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து, லண்டனில், அந்தக் கோட்டுப்படங்கள் அக்வாடின்ட் அச்சுகளாயின. இம்முறையில் செப்புத் தகட்டின் மேல் பிசின் தூளைப் படியவைத்து அமிலத்தில் நனைப்பார்கள். வெளிறி இருக்க வேண்டிய இடத்தை மெருகெண்ணெய் போன்ற பூச்சால் மூடிவிட்டு மீண்டும் நனைப்பார்கள். அமிலம் அதிக நேரம் அரித்த இடம் அதிகக் கருமையாக அச்சாகும். வெளிச்சம், இடைநிழல், கருநிழல் என்று காட்சியை முன்கூட்டியே தட்டுத்தட்டாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரால் ஒரு தகட்டைக்கூட முடிக்க இயலாது. 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களது ‘ஓரியன்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்களும் அக்வாடின்ட் அச்சுகளே.

டிஜிட்டல் ஓவியத்தில் இந்தத் தட்டுகளுக்கு லேயர் என்று பெயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, கோட்டுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று. நிழல் லேயரை ‘மல்டிப்ளை’ முறையில் வைத்தால், அதன் எண்மதிப்பு கீழே உள்ள வண்ணத்தின் மதிப்போடு பெருக்கப்பட்டு இடம் கருமையாகும். கீழிருக்கும் நிறமும் மறையாது. கிரிட்டா என்ற இலவச மென்பொருளே இதற்கெல்லாம் போதும். ஏ4 அளவில் தெளிவாக அச்சிட 2480 × 3508 புள்ளிகள் கொண்ட பரப்பில் தொடங்குவது நல்லது.

பென் டேப்லெட் எனப்படும் உணர்பலகைக்குள் மெல்லிய கம்பிச்சுருள் வலை இருக்கிறது. அது அனுப்பும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் உள்ள சுருள் வாங்கித் திருப்பி அனுப்பும். எந்த இடத்தில் அந்த எதிரொலி வலுவாக இருக்கிறதோ அங்கே பேனா முனை இருக்கிறது என்று பலகை கணிக்கும். முனையை அழுத்தும்போது சுருளின் அதிர்வெண் சற்று மாறும். அந்த மாற்றமே கோட்டின் தடிமனாகிறது. வாக்கம் போன்ற நிறுவனங்களின் பேனாக்கள் பேட்டரி இல்லாமல் இயங்குவது இதனால்தான். திரையில்லாத பலகையில் கை மேசையிலும் கண் திரையிலும் இருக்கும். சில நாள் தடுமாற்றம் எல்லோருக்கும் உண்டு.

ஓசூர் போன்ற தொழில் நகரில் பார்த்து வரைதலுக்குத் தனியான ஓர் இடையூறு உண்டு. ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் பலர் பொறியியல் வரைபடம் பழகியவர்கள். அது பொருளை உள்ளபடி காட்டும். பார்த்து வரைதல் பொருளைத் தெரிகிறபடி காட்டும். நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் சக்கரம் வட்டம் என்பது அறிவு. சற்றுப் பக்கவாட்டில் நிற்கும் கண்ணுக்கு அது நீள்வட்டம். அறிவை நம்பி வட்டமாக வரைந்தால் வண்டி தட்டையாகிவிடும். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு, சக்கரத்தின் அச்சுத்தண்டுக்குச் செங்குத்தாகத் தெரியும் என்ற ஒரே விதியைக் கைக்கொண்டால் சக்கரம், பல்சக்கரம், உருளை எல்லாம் தரையில் ஊன்றி நிற்கும். பட்டறைப் பழக்கம் அப்போது இடையூறாக இராமல் பலமாகிவிடுகிறது.

அளவுக்குக் கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி ஒப்பிடும் பழைய வழியே இன்றும் சிறந்தது. பேருந்து நிலையத்தில் ஷிப்டுக்குக் காத்திருப்போரை அரை நிமிடத்துக்கு ஒருவராக, முகம் இல்லாமல், நிற்கும் சாய்வை மட்டும் பிடித்து வரையலாம். இலைகள், கம்பிகள் போன்ற சிக்கலான பொருள்களுக்கு, அவற்றுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரைவது எளிது. ஓசூர் ரோஜாவை இதழ் இதழாகத் தொடங்குவது வீண். முதலில் கிண்ணம், அதன் ஒளிப்பக்கம், நிழல்பக்கம், பிறகே இதழ்.

வண்ணம் கடைசியில் வருவது காரணத்தோடுதான். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். மாலை வெயிலில் கிருஷ்ணகிரிக் கருங்கல் பாறையைச் சாம்பல் என்று மனம் சொல்லும். வெயில்பட்ட பக்கம் மஞ்சளோடும், நிழல்பக்கம் வானத்தின் நீலத்தோடும் இருக்கும். தொலைவிலுள்ள குன்றுகள் காற்றில் சிதறும் ஒளியால் வெளிறி, நீலம் கலந்து தெரியும். மாணவர் முதலில் தன் கணிப்பில் நிறத்தைக் கலக்க வேண்டும். புகைப்படத்திலிருந்து நிறத்தை எடுத்துத் தரும் கருவி, கணிப்பைச் சரிபார்க்கும்போதுதான் ஆசிரியராகும். முதலிலேயே அதைத் தொட்டால் கண் சோம்பிவிடும். புகைப்படத்துக்கும் குறைகள் உண்டு: அது நிழலைக் கருமையாக்கி விவரத்தை விழுங்கும், செல்பேசியின் அகல்கோண வில்லை கிட்டத்தில் உள்ளதைப் பெருக்கிக் காட்டும்.

அழித்துத் திருப்பும் வசதியும் திரையைப் பெரிதாக்கும் வசதியும் அளவோடு இருந்தால் நன்மை. ஒவ்வொரு கோட்டையும் பத்துமுறை திருப்புகிற கை உறுதி பெறாது. பெரிதாக்கியே தீட்டுபவர் ஒரு மூலையை முடித்துவிட்டு முழுப்படத்தை இழப்பார். படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்த்தால் சாய்வும் பிழையும் உடனே புலப்படும். ஐயம் தீராவிட்டால் வரைந்த இடத்துக்கே, அதே வேளையில், மீண்டும் போய்ப் பார்த்துத் திருத்தலாம். லண்டனில் தகடு அரித்துக்கொண்டிருந்த வில்லியம் டேனியலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓசூர் மாணவருக்கு இராயக்கோட்டை பேருந்து தூரம்தான்.